சித்தப்பா பெயரில் போன விரல்கள்

அப்பாவைச் சித்தப்பா என்று கூப்பிட நான் கற்றுக்கொண்டது இரண்டாம் வகுப்பு படிக்கும்போது. மூன்றாம் வாய்ப்பாடு ஏறாத மண்டையில் இது ஒரே சாயங்காலத்தில் ஏறிவிட்டது. அதற்காக எனக்கு ரோஸ்மில்க் கூடக் கிடைத்தது.

முதலில் பாஸ் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூரில் எங்கள் தெருவிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஒரு கன்டெய்னர் யார்டு வரும். கப்பலில் வந்த பெட்டிகளை அடுக்கிவைத்து, லாரியில் ஏற்றி அனுப்புகிற இடம். உள்ளே வேலைக்குப் போக காண்டிராக்டர் கொடுக்கும் பாஸ் வேண்டும். போட்டோ ஒட்டிய ஓர் அட்டை, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு நாடா, அவ்வளவுதான். அதை வாங்குவதற்குள் செருப்பு தேய்ந்துவிடும். ஆனால் நாலு நாள் வேலைக்குப் போகாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பாஸ்காரனுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் அண்ணனோ தம்பியோ மச்சானோ அந்த அட்டையை மாட்டிக்கொண்டு போய், அவன் பெயரிலேயே வேலை பார்த்துவிட்டு வருவான். பாஸைக் காப்பாற்றுவது என்று இதற்குப் பெயர். மேஸ்திரிக்குத் தெரியும், கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்கும் தெரியும். தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் முகத்தை எவன் பார்க்கிறான்? கல்யாணத்துக்குப் பக்கத்து வீட்டுச் சங்கிலியை இரவல் வாங்கிப் போட்டுக்கொள்வது போலத்தான் இதையும் நினைத்தார்கள்.

அந்த வருஷம் வெயில் காலத்தில் சித்தப்பாவுக்கு அம்மை போட்டது. அவர் அப்பாவின் தம்பி, கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். அம்மா வாசலில் வேப்பிலை செருகினாள். உள்ளறையில் சேலையைத் திரையாகக் கட்டி, தரையில் வேப்பிலை பரப்பி அவரைப் படுக்கவைத்தாள். நான் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவருக்கு விடுகதை போடுவேன். விடை தெரிந்தாலும் தெரியாத மாதிரி முனகுவார். அப்பாவுக்கு அப்போது வேலை இல்லை. அவருடைய காண்டிராக்டரின் ஒப்பந்தம் முடிந்து, வேறு இடத்தில் பாஸுக்கு எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். எனவே சித்தப்பாவின் பாஸை எடுத்து மாட்டிக்கொண்டார். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே மீசை. போட்டோவும் வியர்வையில் ஊறி வெளுத்துப்போயிருந்தது. கண்ணாடி முன் நின்று, "இன்னாம்மா, தம்பி மாரியே கீறனா?" என்று என்னைக் கேட்டுவிட்டுப் போனார்.

ஐந்தாவது நாள் அது நடந்தது. லாரியின் நான்கு மூலைகளிலும் பூட்டு இருக்கும். கிரேன் பெட்டியை இறக்கும்போது அது பூட்டில் சரியாக உட்காருகிறதா என்று பக்கத்தில் நின்று ஆள் பார்க்க வேண்டும். அப்பா ஒரு மூலையில் நின்றார். பெட்டி சற்று விலகி இறங்க, கையால் தள்ளிச் சரிசெய்யப் பார்த்தார். எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம். வலது கையில் மூன்று விரல்கள் போயின. கட்டைவிரலும் அதை ஒட்டிய விரலும் மிஞ்சின.

மத்தியானம் மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். வேப்பிலையைப் பார்த்துவிட்டு வாசற்படி ஏறவில்லை. தெருவில் நின்றபடியே அம்மாவிடம் பேசினார்.

"உசுருக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆஸ்பத்திரில சேத்தாச்சு. ஆனா ஒரு பேஜாரு கீது. பாஸுல இன்னா பேரு கீதோ அத்தத்தான் அங்க எழுதிக்கினாங்க. இப்போ அடிபட்டது உன் ஊட்டுக்காரன் இல்ல, உன் கொழுந்தன். புரியுதா?"

அம்மா தலையை ஆட்டினாள். புரிந்து ஆட்டினாளோ, புரியாமலே ஆட்டினாளோ, தெரியாது.

"மாத்திச் சொன்னேன்னு வையி, ஆள் மாறாட்டம்னுவான். நஷ்ட ஈடு ஒரு பைசா வராது. ரெண்டு பேருக்கும் யார்டு கேட்ட மூடிடுவான். அத்தொட்டு, கேஸு முடியறவரிக்கும் அவன்தான் தம்பி, தம்பிதான் அவன்."

எங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார் என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

திரைக்குப் பின்னால் சித்தப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "நான் போயி சொல்லிட்றேன் அண்ணி. என் பாஸக் காப்பாத்தப் போயிதான அண்ணனுக்கு இப்டி ஆச்சு?" என்றார்.

"சொல்லிட்டு? ரெண்டு பேரும் வூட்ல குந்திக்கினு இருப்பீங்களா? கையும் போயி துட்டும் போவணுமா?" என்று அம்மா கத்தினாள். பிறகு வேப்பிலைத் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அன்று சாயங்காலம்தான் எனக்குப் பாடம் நடந்தது. ஆஸ்பத்திரியில் கட்டிலில் படுத்திருப்பது யார்? சித்தப்பா. அம்மா அவருக்கு யார்? அண்ணி. அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள், நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். பள்ளிக்கூட நாடகத்தில் வேஷம் கிடைக்காத எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. தெருவில் எல்லோருக்கும் உண்மை தெரியும். சித்தப்பா அம்மை போட்டுப் படுத்திருப்பது ஊரறிந்த விஷயம். ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை. அவரவர் வீட்டிலும் இரவல் பாஸ் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

வார்டில் அப்பாவின் கை தலையணை அளவுக்குக் கட்டுப் போட்டு, கயிற்றில் உயர்த்திக் கட்டப்பட்டிருந்தது. நான் வாசலிலிருந்தே "சித்தப்பா!" என்று ஓடினேன். அப்பா திரும்பிப் பின்னால் பார்த்தார், தம்பி வந்திருக்கிறானோ என்று. அப்புறம்தான் நினைவு வந்தது போலிருக்கிறது, சிரிக்கப் பார்த்தார். நர்ஸ் சித்தப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அப்படித்தான், இரண்டு தரம் கூப்பிட்ட பிறகே நிமிர்வார். காது மந்தம் என்று அவர்கள் சீட்டில் எழுதிவிட்டார்கள் என்று பிறகு அம்மா சொன்னாள்.

அம்மா சோற்றைப் பிசைந்து அவருக்கு ஊட்டினாள். நர்ஸ் ஒருத்தி பார்த்துக்கொண்டே போனவள் நின்று, "கொழுந்தனாருக்கு இவ்வளவு கவனிப்பா? உங்க வீட்டுக்காரர் எட்டிக்கூடப் பார்க்கலையே" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். அம்மாவின் கை அப்பாவின் வாய்க்குப் பாதி தூரத்தில் நின்றுவிட்டது. அடுத்த நாளிலிருந்து ஸ்பூன் கொண்டுபோனாள்.

விசாரிக்கும் மனிதர் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இன்சூரன்ஸிலிருந்து வருவார், அவர் எழுதுவதை வைத்துத்தான் நஷ்ட ஈடு வரும், வராது என்று மேஸ்திரி முன்பே சொல்லியிருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஒரு ஃபைல். மேஸ்திரி கூடவே நின்றார். வந்தவர் பாஸைப் பார்த்தார், அப்பாவின் முகத்தைப் பார்த்தார், மறுபடி பாஸைப் பார்த்தார். எந்த மூலையில் நின்றாய், யார் நிற்கச் சொன்னது, கையுறை கொடுத்தார்களா என்றெல்லாம் கேட்டார். அப்பா பதில் சொன்னார். கையுறை பற்றிய கேள்விக்கு மட்டும் மேஸ்திரி முந்திக்கொண்டார்.

பிறகு அந்த மனிதர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னிடம் குனிந்தார். மெதுவாக, அன்பாகத்தான் கேட்டார்.

"பாப்பா, இவர் உனக்கு யாரு?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் மாட்டிக்கொள்வோம் என்று ஜன்னலைப் பார்த்தாள்.

"சித்தப்பா" என்றேன்.

"அப்போ உங்க அப்பா எங்கே?"

இது பாடத்தில் இல்லை. அம்மா இதைச் சொல்லித்தரவில்லை. மேஸ்திரியின் முகம் வெளிறிப்போனது எனக்கே தெரிந்தது. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். எனக்கு ஒரு கணம்கூடத் தயக்கமில்லை.

"எங்கப்பா வூட்ல படுத்துகினு கீறாரு. அம்மை போட்டுகீது. எங்கம்மா வேப்பிலைலதான் படுக்க வெச்சிகீது."

அந்த மனிதர் சட்டென்று நிமிர்ந்தார். என் தலைமேல் வைக்க வந்த கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அம்மாவிடமிருந்தும் இரண்டடி தள்ளி நின்று, "சரி, சரி, போதும்" என்று ஃபைலில் ஏதோ எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு வேகமாக வெளியே போனார். மேஸ்திரி என் கன்னத்தைக் கிள்ளி, "படா கில்லாடிம்மா உன் பொண்ணு" என்றார். அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். எலும்பு நோகும்படி அணைத்தாள்.

நான் அப்பாவைப் பார்த்தேன். மற்றவர்கள் பாராட்டியது இருக்கட்டும், அவர் ஒரு சபாஷ் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். கை வலிக்கிறது போலும் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் அம்மா ரோஸ்மில்க் வாங்கிக்கொடுத்தாள்.

நஷ்ட ஈடு வந்தது. தாளில் வலது கையில் மூன்று விரல் இழந்தவர் என்று சித்தப்பாவின் பெயர், அதற்கு மேல் அப்பாவின் இடது கட்டைவிரல் ரேகை. சித்தப்பாவின் பாங்கிக் கணக்கில் விழுந்த பணத்தை அவர் அப்படியே எடுத்துவந்து சாமி படத்தின் கீழ் வைத்துவிட்டு, அப்பாவின் பக்கம் பார்க்காமல் வெளியே போனார். அப்பா மிஞ்சிய இரண்டு விரலால் சோறு எடுக்கப் பழகினார். பருக்கை கீழே விழுந்தால் நாங்கள் வேறெங்கோ பார்ப்போம்.

எனக்குப் புரியாமல் போனது சித்தப்பாவின் விஷயம்தான். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியபிறகும் அவர் யார்டுக்குப் போகவில்லை. காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற வேலைக்குப் போனார். அது நின்று நின்று கிடைக்கிற வேலை, கிடைக்காத நாளில் வீட்டில் படுத்திருப்பார். 'அப்பாவுக்குக் கை போச்சு, இவருக்கு என்ன வந்தது? சோம்பேறி' என்று நினைப்பேன். ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டேன். அப்பா அதுவரை என்னை அடித்ததில்லை. அன்று இடது கையால் அடித்தார். சித்தப்பா ஓடிவந்து குறுக்கே விழுந்து, "கொயந்திக்கு இன்னா தெரியும்ணே, வுடு" என்று என்னைத் தூக்கிக்கொண்டு போனார்.

இப்போது நான் ஒரு தொழிற்சங்க ஆபீஸில், வேலையில் அடிபட்டு வருகிறவர்களுக்கு மனு எழுதிக்கொடுக்கிறேன். அந்த யார்டின் கேட்டில் இன்று ரேகை வைக்கிற மெஷின் வந்துவிட்டது, பாஸ் இரவல் செல்லாது. ஆனாலும் வேறு வேறு இடங்களிலிருந்து, வேறொருவர் பெயரில் அடிபட்டவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பாஸ் பற்றிக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். எங்கள் வக்கீலம்மா சொல்லும் முதல் பேச்சு, "வேலை செய்யும்போது அடிபட்டது யாருங்கறதுதான் கேள்வி. அதைச் சொல்லு, மீதியை நான் பார்த்துக்கறேன்." முதன்முதலாக அதைக் கேட்ட அன்று எனக்குப் பேனா ஓடவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தாலும் எங்களுக்கு வழி இருந்திருக்கும். இழுத்தடித்திருப்பார்கள், அலையவிட்டிருப்பார்கள், ஆனால் வழி இருந்திருக்கும். ஆள் மாற்றி வேலை வாங்கியது வெளியே வந்திருந்தால் முதலில் மாட்டியிருக்கக்கூடியவர் எங்களை நாடகம் ஆடச் சொன்ன அந்த மேஸ்திரிதான். கட்டிலருகே நான் ஒரு தரம் அப்பா என்று கூப்பிட்டிருந்தால் போதும். அப்பா சுவர் பக்கம் திரும்பியது வலியால் அல்ல என்று தெரிந்துகொள்ள எனக்கு அத்தனை வருஷம் ஆயிற்று.

ஆனால் அந்த வயதில் என் குறையெல்லாம் வேறு. தினமும் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவது சித்தப்பா. இடது கையில் என் பை, வலது கையில் என் கை. வழி நெடுகக் கதை சொல்லிக்கொண்டு வருவார். யார்டு இருக்கிற ரோட்டுக்குத் திரும்பியதும் மட்டும் என் கையை விட்டுவிடுவார். கன்டெய்னர் லாரிகள் தரையை உலுக்கிக்கொண்டு போகிற ரோடு அது. வேறு எங்கே விட்டாலும் அங்கேதான் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த யார்டின் கேட்டைத் தாண்டும்வரை அவர் வலது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் மணிக்கட்டு வரை நுழைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வேகமாக நடப்பார். எனக்குப் பயத்தில் அழுகை வரும். சோம்பேறி என்று சொன்ன கோபம் இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டு, "கையக் குடு சித்தப்பா" என்று கெஞ்சுவேன்.

ஐந்து விரலும் நன்றாக இருந்த அந்தக் கையை அவர் வெளியே எடுக்கமாட்டார்.

"சட்டயப் புட்ச்சிக்கோ கண்ணு" என்பார்.