இன்னும் அழுது முடிக்கல

ஐம்பது வயதைத் தாண்டி நான் பயிற்சி மாணவன் ஆனேன். நான் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடினார்கள், அடுத்த சில மாதங்களில் மனைவியும் இறந்துபோனாள். வீட்டில் தனியே உட்கார முடியவில்லை. பாலர் பள்ளி ஆசிரியையாக அவள் செய்த வேலையையாவது படிப்போம் என்று பாலர் கல்வி டிப்ளோமாவில் சேர்ந்தேன். படிப்பின் கடைசித் தவணையில் தங்கா பத்துவில் ஒரு பாலர் பள்ளிக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

பாச்சாங்கில் இருக்கும் என் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போகும்போதே, திரும்பிவிடலாமா என்று இருமுறை வண்டியை நிறுத்தினேன். ராட்சத இயந்திரங்களை அடக்கியவன், நாலு வயதுப் பிள்ளைகளுக்கு நடுங்கினேன். பதறிப்போய் பள்ளிக் கழிவறைக்கு ஓடினால், அங்கே எல்லாமே என் முழங்காலுக்குக் கீழே இருந்தன.

என்னை மேற்பார்வையிட்ட ஆசிரியைக்கு என் மகள் வயது. "அங்கிள், நீங்க கேட்டுல நில்லுங்க. அழுற பிள்ளைங்கள உள்ள கூட்டிட்டு வரணும், அவ்ளோதான் லா."

அழுகை எனக்கு ஆகாது. யாராவது மூக்கை உறிஞ்சினாலே என் வாயில் ஒரு ஜோக் வந்துவிடும். மனைவியின் கருமாதிக்கு வந்தவர்களைக்கூடச் சிரிக்கவைத்துத்தான் அனுப்பினேன். கோலாலம்பூரில் வேலை செய்யும் மகள் ஞாயிறுதோறும் கூப்பிடுவாள். "அம்மா..." என்று அவள் குரல் உடைந்தால் போதும், ஒரு ஜோக்கை எடுத்து விடுவேன். கடமைக்குச் சிரித்துவிட்டு, "சரிப்பா, வைக்கிறேன்" என்பாள். அழைப்புகள் வரவரச் சுருங்கின. மிச்சமிருந்த ஒருத்தியும் கை நழுவுகிறாள் என்று தெரிந்தது. ஏன் என்றுதான் தெரியவில்லை.

ஒரு காலை, தன் அம்மாவின் கார் போன திசையைப் பார்த்து ஒரு சிறுமி கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் யானை ஆனேன், குரங்கு ஆனேன், செருப்பைத் தலையில் வைத்து ஆடினேன். அவள் அழுகையை நிறுத்தி, மூக்கைத் துடைத்து, என்னைப் பார்த்தாள்.

"தாத்தா டீச்சர், சும்மா இருங்க. நான் இன்னும் அழுது முடிக்கல."

உள்ளேயிருந்து ஆசிரியை சிரித்தார். "நல்லா வாங்கிக்கிட்டீங்களா அங்கிள்?"

"வாங்கிக்கிட்டேன் டீச்சர். செருப்ப எறக்கிடவா?"

படியில் உட்கார்ந்தேன். அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். கூரை இடிந்து விழவில்லை. எனக்குத்தான் வியர்த்துச் சட்டை நனைந்துவிட்டது. இத்தனை நாள் யாரையும் நான் தேற்றவில்லை, அழுகைக்குப் பயந்து ஓடியிருக்கிறேன் என்பது அந்தப் படியில்தான் உறைத்தது. அழுது முடித்தவள் தண்ணீர்ப் புட்டியை என் கையில் திணித்துவிட்டு உள்ளே நடந்தாள்.

அந்த ஞாயிறு மகள் கூப்பிட்டாள்.

"பாசார்ல காய் வாங்குறப்போ ஒருத்தங்க வெண்டக்கா நுனிய ஒடச்சு ஒடச்சுப் பார்த்தாங்கப்பா. அம்மா மாதிரியே..."

குரல் உடைந்தது. காய்க்காரரை வைத்து ஒரு நல்ல ஜோக் நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கினேன். அவள் அழட்டும் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டேன்.

"ஹலோ? அப்பா? ச்சே, லைன் போச்சு." வைத்துவிட்டாள்.

நான் இருந்தால் சத்தம் இருக்கும். சத்தம் இல்லையென்றால் அப்பா இல்லை. அப்படித்தான் அவளைப் பழக்கி வைத்திருக்கிறேன்.

திரும்பக் கூப்பிடும் அவசரத்தில், முதலில் சமையல் காஸ் கடைக்குப் போன் அடித்துத் தொலைத்தேன். பிறகு அவள் கிடைத்தாள்.

"லைன் கட்டாயிருச்சுப்பா."

"இல்லம்மா. லைன்லதான் இருந்தேன்."

அவள் அழத் தொடங்கினாள், அம்மா போன அன்றைக்கு அழ வேண்டியதையும் சேர்த்து. அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. நான் எழுந்து போகவில்லை.