பல்லாவரத்துக்கு அடுத்த ஸ்டேஷன்

சிறையிலிருந்து சித்தப்பா எழுதிய அந்தக் கடிதத்தில் ஒரே வரிதான் இருந்தது. "பல்லாவரத்துக்கு அடுத்த ஸ்டேஷன் எது? உடனே எழுது." படித்த சித்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தாம்பரத்திலேயே பிறந்து, இருபது வருஷம் பீச் ஸ்டேஷன் வரை போகிற மின்சார வண்டியில் வேலைக்குப் போனவர் கேட்கிற கேள்வியா இது! "போச்சும்மா, அவருக்கு புத்தி பேதலிச்சிடுச்சு" என்றாள். நான் அன்றைக்கே ஒரு கார்டில் 'திரிசூலம்' என்று எழுதி, கீழே 'இதுகூடவா மறந்துபோச்சு?' என்றும் சேர்த்துப் போட்டேன். வாய்க்கொழுப்புக்கு என்னிடம் என்றைக்கும் குறைவில்லை.

கம்பெனி வேலையாக வடக்கே போன இடத்தில், முதலாளி செய்த தப்புக்கு இவரைப் பிடித்து உள்ளே போட்டிருந்தார்கள். பேச்சுத் துணைக்கு ஒரு தமிழ் ஆள் கிடையாது. மனசு கேட்காமல் மனுப் போட்டுப் பார்க்கப் போனேன். முன்பல் இரண்டு போயிருந்தது. யார் உடைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் புத்தியெல்லாம் தெளிவாகத்தான் இருந்தது.

"தெனமும் காலைல எட்டு மணி வண்டியப் புடிச்சிடுவேன் கண்ணு" என்றார். சுவரோரம் நின்று, கைப்பிடியைப் பிடித்த மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு, மனசுக்குள் பீச் வரைக்கும் போவாராம். குரோம்பேட்டையில் பூக்காரம்மா கூடையோடு ஏற வேண்டும், கிண்டியில் பாதிக் கூட்டம் இறங்க வேண்டும். "ஒரு நாள் திரிசூலம் நெனப்புக்கு வரல. வண்டி பல்லாவரத்துலயே நின்னுடுச்சு. உன் கார்டு வர வரைக்கும் எனக்குச் சோறு எறங்கல." அதே அறையில் ஒரு வடநாட்டுப் பெரியவர் இருந்தார். எப்போதும் அழுதுகொண்டே இருப்பாராம். அவரையும் தினம் வண்டியில் ஏற்றி, ஜன்னல் சீட்டில் உட்காரவைத்து, ஸ்டேஷன் பெயரெல்லாம் சொல்லிக்கொண்டு போவாராம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

நாலு வருஷம் கழித்து நிரபராதி என்று விட்டார்கள். விமானத்தில் வந்து இறங்கியவர், நான் கொண்டுபோன வாடகைக் காரை வேண்டாமென்று அனுப்பிவிட்டு, ரோட்டைத் தாண்டி எதிரே இருக்கிற திரிசூலம் ஸ்டேஷனில் என்னோடு ரயிலேறினார். அவ்வளவு சீட் காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தார். தாம்பரத்தில் எல்லாரும் இறங்கிய பிறகும் அவர் நகரவில்லை.

"எறங்குங்க சித்தப்பா, ஊரு வந்தாச்சு."

"அந்தப் பெரியவருக்கு இனிமே யாரும்மா ஸ்டேஷன் பேரு சொல்லுவாங்க?"

கேட்டுவிட்டு அவரே இறங்கினார். பிளாட்பார பெஞ்சில் என்னை உட்காரவைத்து, எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், அந்தப் பெரியவருக்கு பீச் வரைக்கும் ஒரு ஸ்டேஷன் விடாமல் எழுத வைத்தார். பூக்காரம்மாவையும் விடவில்லை. தபால் ஆபீசில் கவர் வாங்கி அதைப் போட்ட பிறகுதான் வீட்டுப் பக்கம் நடந்தார்.

வாசலிலேயே காத்திருந்த சித்தி அழுகையும் கோபமுமாகக் கேட்டாள்: "எப்பவோ பிளேன் எறங்கிடுச்சாமே, ஏங்க இவ்ளோ லேட்டு?"

"கூட இருந்தவர வண்டி ஏத்தி விட்டுட்டு வரேன்" என்றார் சித்தப்பா.