புளி தட்டும் படம்

அம்மாவின் ஒரே போட்டோவை எடுத்துக் கொடுத்து, அவளோடு குழியில் வைக்கச் சொன்னது நான்தான். இறந்தவர் ஆசையாக வைத்திருந்ததைக் கூடவே அனுப்புவது எங்கள் வீட்டு வழக்கம். வெற்றிலைப் பை, மூக்குப்பொடி டப்பா, அந்தப் போட்டோ. இனி அவள் முகத்தைப் பார்க்க வழியே இல்லை என்பது வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகுதான் உறைத்தது.

போளூர்ப் பக்கம் ஓர் ஆவணக் காப்பகத்தில் எங்கள் மலையின் பழைய போட்டோக்களும் ஓவியங்களும் இருக்கின்றன, யார் யார் என்று வந்து அடையாளம் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். நானும் என் ஓரகத்தியும் பஸ் ஏறினோம். இருவரும் ஒரே ஊரில் பிறந்து ஒரே வீட்டுக்கு மருமகளாக வந்தவர்கள். கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள். அது எப்போதும் அவள் தலைக்கு மேலிருக்கும் கூரைதான்.

ஓவியங்களில் மலை இருந்தது, மரம் இருந்தது, மனிதர்கள் எறும்பளவுதான். போட்டோ மேசைக்கு வந்ததுமே அவள், "எங்கம்மா" என்றாள். புளி தட்டும் பெண்கள் நடுவே அவள் அம்மா, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. காப்பகத்துப் பெண் அப்போதே ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தார். நான் எல்லாப் படங்களிலும் முகம் முகமாகத் தேடினேன். என் அம்மா இல்லை.

திரும்பும்போது அவள் படத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் அம்மாவின் படம் அவள் அறையில் ஏற்கெனவே மாட்டியிருக்கிறது, மாலையோடு.

"இன்னாக்கா, மூஞ்சத் திருப்பிக்கினே வர்ற? இத்தப் பாரு. எங்கம்மாவுக்கு எதிர்ல குந்திக்கினு கீறது யாரு?"

வேண்டாவெறுப்பாகப் பார்த்தேன். கேமராவுக்கு முதுகு காட்டி ஒருத்தி. ஓங்கிய கோல் இடக்கையில். எங்கள் ஊரில் இடக்கையால் புளி தட்டியவள் என் அம்மா ஒருத்திதான்.

"உங்கம்மா இன்னாவோ சொல்லிக்கினு கீறாங்க. அதுக்குத்தான் எங்கம்மா அப்படிச் சிரிக்குது" என்றாள். "வூட்டுக்குப் போய் உன் பாதிய வெட்டி எடுத்துக்கோக்கா."

நான் அவள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கிடைத்தது முதுகு. படத்தில் சிரிக்கும் அவள் அம்மாவுக்கோ என் அம்மாவின் முகம் முழுசாக, பேசும்போது இருந்தபடியே, எதிரில். செத்துப்போன அந்தப் பொம்பளைமேல் எனக்கு வந்த பொறாமை, அவள் மகள்மேல்கூட ஒருநாளும் வந்ததில்லை.