நான் வார்க்காத தண்ணீர்

மூன்றாவது பிள்ளைக்கு இரண்டு நாள் வலி. பிள்ளையும் பிழைத்தது, நானும் பிழைத்தேன். ஆனால் அன்றிலிருந்து சிறுநீர் என் சொல்பேச்சுக் கேட்பதை நிறுத்திவிட்டது. தும்மினால் போகும், அரிசிப் பையைத் தூக்கினால் போகும். எல்லாவற்றையும்விட மோசம், தண்ணீர் விழும் சத்தம். அது காதில் விழுந்தால் அடக்கவே முடியாது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம், தானே சரியாகிவிடும் என்றாள் மருத்துவச்சி. சரியாகவில்லை.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. சிராங்கூன் ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியில், பலகை அடித்துத் தடுத்த அறையில் இருந்தோம். மாடியில் இருந்த அத்தனை குடும்பத்துக்கும் கீழே பின்கட்டில் ஒரே குழாய், ஒரே வாளிக் கக்கூஸ். விடிந்ததும் யாராவது குழாயைத் திறப்பார்கள். மேலே பாயில் படுத்திருக்கும் எனக்கு நனைந்துவிடும். என் வீட்டுக்காரருடைய பழைய வேட்டிகளைக் கிழித்து மடித்துக் கட்டிக்கொள்வேன். துவைத்ததைச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில்தான் காயப்போட வேண்டும், தெருவே பார்க்கும். அதனால் மேலே ஒரு சேலையைப் போட்டு மறைப்பேன். அந்தத் துணிகள் ஒழுங்காகக் காய்ந்ததே இல்லை. ஈரத்தோடு கட்டிக் கட்டித் தொடையெல்லாம் புண்.

கோயிலுக்குப் போவதை நானே நிறுத்திக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை, தெரிந்தால்தானே தடுக்க! தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பாய் நனைய ஆரம்பித்த பிறகு அவர் படுக்கையைச் சன்னலோரம் மாற்றிக்கொண்டார். கேட்டவர்களிடம் எனக்கு இடுப்பு வலி என்றார். மானத்தைக் காப்பாற்றினாரே என்று நன்றியாகவும் இருந்தது, அந்தச் சன்னலோரத்தைப் பார்த்தால் பற்றிக்கொண்டும் வந்தது.

ஒரே ஒரு தடவை அரசாங்க மருந்தகத்துக்குப் போனேன். டாக்டர் வெள்ளைக்காரர். மொழிபெயர்க்க நம்மாள் ஒருவர் இருந்தார். பின்னால் பெஞ்சு நிறைய ஜனம்.

“என்ன செய்யுது? கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா, டாக்டர் காத்துக்கிட்டு இருக்கார்லா,” என்றார்.

வயிற்று வலி என்று சொல்லிவிட்டேன். ஒரு பாட்டில் வெள்ளை மருந்து கொடுத்தார்கள். தேக்கா சந்தைப் பக்கம் வரும்போது அதைச் சாக்கடையில் ஊற்றினேன். அது விழுந்த சத்தத்துக்கே எனக்குப் போய்விட்டது. நடுத்தெருவில் நின்று சிரித்தேன். வேறென்ன செய்ய?

அறுபதுகளில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. சொந்தக் கக்கூஸ், அதற்கு ஒரு தாழ்ப்பாள். அதற்குள் போய் எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன். அந்த வீட்டில் இருக்கும்போதுதான் மூத்தவளுக்குக் கல்யாணம் கூடியது. அவள் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். கூட வேலை பார்த்த பையனை அவளே தேர்ந்தெடுத்துக்கொண்டாள். அவள் அப்பா கொஞ்சம் முறுக்கினார். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது, நான்தான் பேசிப் பேசி அவரை வழிக்குக் கொண்டுவந்தேன்.

முகூர்த்தத்தன்று பெண்ணின் கையை அப்பா பிடித்து மாப்பிள்ளை கையில் வைக்க வேண்டும். அம்மா அந்தக் கைகள்மேல் செம்பிலிருந்து மெல்லத் தண்ணீர் வார்க்க வேண்டும். தாரை வார்த்தால்தான் பெண்ணைக் கொடுத்ததாகக் கணக்கு. அக்கினி முன்னால், ஊரே பார்க்க, மணையில் உட்கார்ந்து, என் கையாலேயே தண்ணீரை ஊற்றி அந்தச் சத்தத்தை நான் கேட்க வேண்டும்.

கொழுந்தனும் அவர் மனைவியும் வார்க்கட்டும் என்றேன். தம்பதியாகத்தான் வார்க்க வேண்டும், நான் விலகினால் என் வீட்டுக்காரரும் விலகியாக வேண்டும்.

“உன்னால எனக்கும் இல்லாமப் போச்சு,” என்றார். அத்தனை வருஷத்தில் அவர் அதைப் பற்றி வாய் திறந்தது அன்றுதான்.

மகள் என்னிடம் வந்து நின்றாள்.

“ஏம்மா, உங்களுக்கு அவரைப் பிடிக்கலியா?”

“பிடிக்காம என்னடி? இடுப்பு வலி. அவ்வளவு நேரம் மணையில உட்கார முடியாது.”

“தினம் தரையில உட்கார்ந்துதானேம்மா காய் நறுக்குறீங்க?”

நான் பெற்ற பெண்தான், சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை, கல்யாணம் வரைக்கும் என்னோடு சரியாகப் பேசவும் இல்லை. அம்மாவுக்குச் சம்பந்தத்தில் இஷ்டமில்லை என்று உறவில் பேச்சு கிளம்பி, மாப்பிள்ளை வீடு வரைக்கும் போயிருந்தது.

கல்யாணம் கோயில் மண்டபத்தில். முதல் நாள் சாயங்காலத்திலிருந்து நான் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. ஈரம் தெரியாதபடி அரக்கு நிறப் பட்டு, உள்ளே தடியாகத் துணி. தூணோரமாக அவர் பக்கத்தில் நின்றேன். தாரை வார்க்கும் நேரம் பார்த்து நாதஸ்வரக்காரர் ஓய்ந்திருந்தார். கொழுந்தன் மனைவி செம்பைச் சாய்த்தாள். தண்ணீர் கைகளில் வழிந்து தாம்பாளத்தில் விழுந்தது. அந்தச் சத்தம் தூண்வரைக்கும் வந்தது. எனக்குப் போய்விட்டது. துணி தாங்கவில்லை. காலோடு வழிந்து பாதத்துக்கு வந்தது. உரிமையை விட்டுக்கொடுத்தும் இதிலிருந்து தப்பவில்லையே என்று நெஞ்சு கொதித்தது. நகர்ந்தால் தரையில் தெரியும் என்று அப்படியே நின்றேன்.

தாலி ஏறியதும் பெண்ணும் மாப்பிள்ளையும் கும்பிட வந்தார்கள். “வேணாம்மா, வேணாம்,” என்று பின்வாங்கினேன். அவள் முகம் செத்துவிட்டது. ஆசீர்வாதமும் இல்லையா என்று அந்தக் கண்கள் கேட்டன. கேட்டுக்கொண்டே என் காலில் விழுந்தாள். பாதத்தைத் தொட்ட கை அங்கேயே நின்றது. விரலைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“இதுக்காம்மா?” என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

தலையாட்டினேன்.

“இவ்வளவுதானா? என்னைக் குடுக்கவே உங்களுக்கு மனசில்லைன்னுல்ல நினைச்சேன்.”

அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி. எனக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது. கோயிலை விட்டேன், புருஷன் பக்கத்தில் படுப்பதை விட்டேன், பெற்ற பெண்ணை என் கையால் கொடுப்பதையும் விட்டேன். அத்தனையும் அவளுக்கு இவ்வளவுதான். பக்கத்தில் மாப்பிள்ளையும் குனிந்தபடி காத்திருந்தான். அறைய எழுந்த கையை அவள் தலையில் வைத்து, நல்லா இரு என்றேன்.