உள்ளே பெயர் எழுதியிருந்த ஜக்கெற்

அந்தச் சனிக்கிழமை காலை நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "பிள்ளை, நேரம் என்ன?" என்று கேட்கும் அப்பாவின் குரல் வெகுநேரமாகக் கேட்கவில்லை என்பது பிந்தித்தான் உறைத்தது. ஈரக்கையோடு உள்ளே ஓடினேன். கட்டில் வெறுமையாக இருந்தது. அலுமாரி திறந்தபடி. அதன் அடித்தட்டில் எப்போதும் சுருட்டி வைத்திருக்கும் உரப்பை தரையில் கிடந்தது. அதற்குள் ஒன்றுமில்லை.

அப்பா வழிதவறிப் போவது புதிதல்ல. எழுபத்தொன்பது வயது. மூன்று வருடமாக ஞாபகம் குறைந்துகொண்டு வருகிறது. கோப்பாய்க்குள் எங்கே நின்றாலும் யாராவது கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். ஊரில் பாதிப் பேரின் வோட்டர் பம்ப்பைத் திருத்தியவர் அவர். ஆனால் அந்தப் பைக்குள் இருந்த தோல் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு அவர் ஒருநாளும் படலையைத் தாண்டியதில்லை.

முன்வீட்டு ஓட்டோக்காரத் தம்பி அதற்குள் ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்து நின்றார். நாற்பது வயதுக்காரர், கொழும்பில் பதினைந்து வருடம் ஓட்டோ ஓடியவர்.

"அக்கா, ஐயா உரும்பிராய்ச் சந்தியிலை பலாலிப் பக்கம் போற பஸ் ஏறினவராம். மண்ணிறத் தோல் கோட் ஒண்டு போட்டிருந்தவராம். சந்திக் கடைக்காரர் இப்பதான் போன் எடுத்துச் சொன்னவர். ஏறுங்கோ."

அந்தப் பஸ் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். பலாலி விமானப்படை முகாம் வாசலுக்கு ஓட்டோவை விடச் சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை. அந்த ஜக்கெற் என்னவென்று வெளி ஆள் எவருக்கும் சொல்லாமல் வளர்ந்தவள் நான்.

அப்பா வாலிபத்தில் இலங்கை விமானப்படையில் ஹெலிகொப்டர் இயந்திரம் திருத்துகிற வேலையில் இருந்தவர். எனக்கு இரண்டு வயதாக இருந்தபோது, எழுபத்தேழில், தெற்கில் தமிழருக்கு எதிராகக் கலவரம் வந்தது. அதோடு வேலையை விட்டுவிட்டு அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார். அப்போது அவர் உடம்பில் இருந்தது அந்த ஜக்கெற். விமானிகள் போடுவது. திருத்துகிறவர்களுக்குக் கொடுப்பதில்லை. இது எப்படி வந்தது என்று அம்மா சாகும்வரை எத்தனையோ தரம் கேட்டும் அவர் சொல்லவில்லை.

பிறகு காலம் மாறியது. விமானப்படையில் இருந்தவர் என்பதே ஆபத்தான சொல்லாயிற்று. "ஆராவது கேட்டால் அப்பா கொழும்பிலை மெசின் கொம்பனியிலை வேலை செய்தவர் எண்டு சொல்லு" என்று அம்மா எனக்குச் சொல்லித் தந்தார். இயக்கப் பெடியள் வந்து கேட்டபோது அதைச் சொன்னேன். பிறகு வந்த இந்திய ஆமிக்கும் அதையே சொன்னேன். அவர்களில் ஒருவன் விறகு அடுக்கும் மாலுக்குள் நுழைந்து இந்த உரப்பையைச் சப்பாத்துக் காலால் தட்டிப் பார்த்தான். மேலே அப்பா வைத்திருந்த சாணிக் கூடை சரிந்து அவன் காலில் கொட்டியது. ஏசிக்கொண்டு போய்விட்டான். அன்று அம்மா சமைக்கவில்லை.

யுத்தத்தில் எங்கள் வலிகாமத்துச் சனமெல்லாம் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது எங்கள் ஒரேயொரு சைக்கிளில் அரிசியும் அடுப்புச் சாமானும் கட்டியிருந்தோம். கொடிகாமத்தில் இறக்கும்போதுதான் அம்மா கண்டார், எல்லாவற்றுக்கும் அடியில் அந்தப் பை.

"உயிரோடை வந்து சேர்ந்தது உங்களுக்குக் காணாதோ?" என்று அம்மா அழுதார். அப்பா அரிசி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். எனக்கும் அன்று அவர்மேல் கோபம்தான். அந்தக் கோபத்தை நான் பிறகும் விடவில்லை.

வசாவிளான் தாண்டியதும் முகாம் வாசல் தெரிந்தது. இரும்புக் கேற்றுக்கு முன்னால் வெயிலில் அப்பா நின்றார். கூனல் இல்லை. குதிக்கால் இரண்டையும் சேர்த்து நிமிர்ந்து நின்றார். காவலில் நின்றவன் துப்பாக்கியை நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்தபடி சிங்களத்தில் எதையோ கத்தினான். நான் ஓட்டோவிலிருந்து இறங்குவதற்குள் அப்பா சிப்பை இழுத்து, கையை ஜக்கெற்றுக்குள் விட்டார்.

துப்பாக்கி அவரை நோக்கித் திரும்பியது.

"அப்பா! கையை வெளியிலை எடுங்கோ!"

அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. தம்பி இரண்டு கைகளையும் உயர்த்தியபடி சிங்களத்தில் உரக்கக் கத்திக்கொண்டு முன்னே போனார். மறதி வருத்தக்காரர், வயது போனவர், சுட வேண்டாம் என்று சொன்னதாகப் பிறகு சொன்னார். எனக்கு அப்போது சொற்கள் ஒன்றும் விளங்கவில்லை. காவல்காரனின் விரலை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பா ஜக்கெற்றைக் கழற்றத்தான் உள்ளே கையை விட்டிருக்கிறார். மெதுவாகக் கழற்றி, மடித்து, இரண்டு கைகளிலும் ஏந்தி நீட்டினார். பிறகு பேசத் தொடங்கினார். சிங்களத்தில், தடங்கல் இல்லாமல், கணீரென்று. எனக்கு ஐம்பது வயது. என் அப்பா சிங்களம் கதைத்து நான் கேட்டது அதுதான் முதல்தரம்.

உள்ளேயிருந்து ஓர் அதிகாரி வந்தார். கொஞ்சம் தமிழ் தெரிந்தவர். ஜக்கெற்றை வாங்கி, கழுத்துப் பட்டியை விரித்து உள்ளே பார்த்தார். அங்கே வெள்ளைத் துணியில் ஒரு பெயர் எழுதித் தைத்திருந்தது. அதைப் படித்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"இது எங்க எடுத்தது?" என்று என்னிடம் கேட்டார்.

"எடுக்கேல்லை. அப்பான்ரை."

"இல்ல. அப்பா பேர் இல்ல. இந்த ஆள் எங்கட பைலட். யுத்தத்தில பிளேன் விழுந்து செத்தவர். உள்ள நினைவுக் கல்லில பேரும் படமும் இருக்கு. அம்மா, உண்மை சொல்லுங்க. விழுந்த இடத்தில எடுத்ததா?"

என்னை வைத்துக்கொண்டு என்ன கேட்பார்கள், எத்தனை நாள் கேட்பார்கள் என்றுதான் மனம் ஓடியது. கேற்றுக்குப் பக்கத்து அறையில் மர வாங்கில் எங்களை இருத்தினார்கள். அடையாள அட்டைகளை வாங்கிக்கொண்டு ஒருவன் போனான். அதிகாரி அப்பாவுக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்து கேட்கத் தொடங்கினார். அப்பா சொல்லச் சொல்ல, தம்பி என் காதருகே குனிந்து தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

கலவரம் தொடங்கிய மூன்றாம் நாள். முகாமுக்கு வெளியே வாடகை அறையில் அப்பா மாட்டிக்கொண்டார். அந்த விமானி மோட்டார் சைக்கிளில் தேடி வந்தார். தன்னுடைய ஜக்கெற்றைக் கழற்றி அப்பாவுக்குப் போட்டு, பின்னால் ஏற்றினார். பாலத்தடியில் பொல்லுகளோடு நின்ற கூட்டம் மறித்தது. ஒருவன் அப்பாவின் முகத்துக்கு நேரே வந்து, பெயரைச் சொல் என்றான். அப்பா அந்த விமானியின் பெயரையே தன் பெயராகச் சொன்னார். ஜக்கெற்றுக்குள்ளும் அந்தப் பெயர்தான் இருந்தது. விட்டுவிட்டார்கள். துறைமுகத்தில் ஜக்கெற்றைக் கழற்றப் போனபோது விமானி தடுத்தார். கப்பல் ஏறும்வரை போட்டிரு, எல்லாம் அடங்கின பிறகு கொண்டு வந்து தா என்றார்.

"அதுதான் குடுக்க வந்தவராம் அக்கா" என்றார் தம்பி.

அதிகாரி இன்னும் கேட்டார். என்ன மோட்டார் சைக்கிள்? விமானியின் எந்தக் கையில் மணிக்கூடு? தான் காலையில் என்ன சாப்பிட்டார் என்றே தெரியாத அப்பா எல்லாவற்றுக்கும் யோசிக்காமல் பதில் சொன்னார். அந்த ஆளுக்கு இடது காதுக்குக் கீழே ஒரு தழும்பு என்று தானாகவே சொன்னார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

நான் வேறு ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பத்தொன்பது, இருபது வயதில் விமானப்படையின் விமானம் ஒன்று விழுந்த செய்தி வந்தது. ஒழுங்கையில் யாரோ அந்தச் சந்தோசத்துக்கு ரொபி கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டு வந்து அப்பாவுக்கு ஒன்று நீட்டினேன். அவர் வாங்காமல் பம்ப் திருத்துகிற கொட்டிலுக்குள் போய்விட்டார். அது இந்த விமானிதானா என்று எனக்குத் தெரியாது. அதிகாரியிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அப்பா ஏதோ கேட்டார். அதிகாரி கொஞ்சம் தயங்கிப் பதில் சொன்னார்.

"அவர் எப்ப வருவார் எண்டு ஐயா கேக்கிறார்" என்றார் தம்பி. "லீவிலை போயிட்டார், வந்ததும் குடுக்கிறன் எண்டு சொல்லுறார்."

இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு எங்களை விட்டார்கள். ஜக்கெற் அங்கேயே தங்கிவிட்டது. ஓட்டோவில் அப்பா என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார்.

அடுத்த கிழமை சாதாரண உடுப்பில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா எப்போது சேர்ந்தார், எப்போது விட்டார், யுத்த காலத்தில் எங்கே இருந்தார், சொந்தக்காரர் யார் யார் வெளிநாட்டில் என்று எழுதிக்கொண்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். போகும்போது வீட்டைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு படலைச் சத்தம் கேட்டாலே எழும்பிப் போய் யன்னலால் எட்டிப் பார்ப்பேன். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும்போதும் வீட்டு நினைவுதான்.

ஒரு மாதம் கழிந்து ஒரு பின்னேரம் போன் வந்தது. சிங்களத்தில் ஒரு வயதான பெண்குரல். தம்பியைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அந்த விமானியின் மனைவி. ஜக்கெற்றை அவரிடம் சேர்த்திருக்கிறார்கள்.

"ரயிலிலை துலைச்சிட்டன் எண்டு மனுசன் சொன்னவராம்" என்று தம்பி போனைப் பொத்திக்கொண்டு சொன்னார். "இவ நம்பேல்லையாம். ஆரோ பொம்பிளைக்குக் குடுத்திட்டார் எண்டு எத்தினையோ வருசம் சண்டை பிடிச்சவவாம். கடைசி வரைக்கும் மனுசன் உண்மை சொல்லேல்லையாம்."

அவரும் சொல்லவில்லை. அங்கே அவருக்கும் அது சொல்லக்கூடிய கதையாக இருந்திருக்காது.

போனை அப்பாவின் காதில் வைத்தோம். அவர் கேட்டார், சிரித்தார், "ஓம், ஓம்" என்று தமிழில் சொன்னார். யாரென்று விளங்கியிருக்காது.

"அக்கா, ஜக்கெற்றைத் திருப்பி அனுப்பட்டோ எண்டு கேக்கிறா. தன்ரை மனுசன் விரும்பிக் குடுத்தது, ஐயாதான் வைச்சிருக்க வேணுமாம்."

எனக்கு வீட்டுக்கு வந்து எழுதிக்கொண்டு போன அந்த இரண்டு பேரின் முகமும், படம் எடுத்த போனும்தான் நினைவுக்கு வந்தன.

"வேண்டாம் எண்டு சொல்லுங்கோ தம்பி" என்றேன். "எங்கடை வீட்டிலை இனி அது வேண்டாம்."

அவர் போனோடு முற்றத்துக்கு இறங்கி, அந்த அம்மாவோடு வெகுநேரம் கதைத்தார். வேண்டாம் என்று சொல்ல அவ்வளவு நேரம் தேவையில்லை. என்ன சொன்னார் என்று நான் இதுவரைக்கும் கேட்கவில்லை.