சந்தனப் பொட்டின் எடை

எங்கள் வீட்டில் துப்பாக்கி ஒன்று. அதற்குச் சொந்தம் கொண்டாடியவர்கள் இரண்டு பேர்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டில் இருந்தோம். கணவர் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் எழுதினார். நான் ஒரு பெயின்ட் ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்கப் பொடிகளை எடை போட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவர் பக்கத்துக் கிராமத்துத் துப்பாக்கி கிளப்புக்கு எங்களைக் கூட்டிப்போனார். அங்கே கொடுத்த பிளம்ஸ் கேக்குக்காகத்தான் இரண்டாம் முறை போனேன். மூன்றாம் முறை சுடுவதற்காகவே போனேன். கோயம்புத்தூருக்கு போன் செய்து அம்மாவிடம் சொன்னபோது, "காக்கா குருவியைச் சுடாம இருந்தாச் சரி" என்றார்.

முந்நூறு மீட்டர் தூரத்து அட்டையைச் சுடுகிறவர்கள் கடைத் தோட்டாவை நம்புவதில்லை. தாங்களே தயாரிப்பார்கள். காலிப் பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, வெடிமருந்தை எடை போட்டுக் கொட்டி, மேலே குண்டை வைத்து அழுத்த வேண்டும். அதற்கு முறையான பயிற்சியும் பரீட்சையும் அனுமதியும் உண்டு. இருவரும் எழுதித் தேறினோம். என் மார்க் அதிகம் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் எங்கும் சொல்லமாட்டார்.

சண்டையெல்லாம் மருந்தின் அளவில்தான். அதிகம் போட்டால் குண்டு வேகமாகப் போகும். காற்று அதைத் தள்ளிவிட நேரம் கிடைக்காது. ஆனால் எங்கள் துப்பாக்கி முரண்டு பிடிக்கும், துளைகள் சிதறும். குறைத்துப் போட்டால் துளைகள் நெருங்கி விழலாம் என்பது என் கட்சி. காற்றடித்தால் அத்தனையும் சேர்ந்து ஒதுங்கிப் போகும் என்பது அவர் கட்சி. ஆட்டோபான் நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் ஒரு நிமிடம் போகப் பொறுக்காதவரிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது? "பதறாத காரியம் சிதறாது" என்று நான் சொன்னால், "அதைக் காத்துகிட்டப் போய்ச் சொல்லு" என்பார். ஒரே துப்பாக்கிக்கு ஒரே அளவுதான் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்து, அவர் அளவையே இருவருக்கும் வைத்துவிட்டார்.

அந்த ஆண்டு கிளப் அணியில் மூன்றாவது ஆள் வேலை மாறி ஊரைவிட்டுப் போனார். அந்த இடத்துக்கு வரிந்துகட்டியது நாங்கள் இருவர் மட்டுமே. தேர்வுப் போட்டியில் யாருக்கு அதிகப் புள்ளியோ அவருக்கு இடம். எனக்கு அந்த இடம் வேண்டும் என்பது என் தூக்கத்தில்கூடத் தெரிந்தது. கிளப்பில் எல்லோரும் என்னை 'அவருடைய மனைவி' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு முன்னால் ஆயுத பூஜை வந்தது. தையல் மெஷின், கம்ப்யூட்டர், கார் சாவி, தோட்டா அழுத்தும் கருவி, தராசு என்று எல்லாவற்றையும் மேஜையில் அடுக்கினோம். பொட்டு வைப்பது கணவர் வேலை. ஒரு சாமானையும் விடமாட்டார். மறுநாள் விஜயதசமி. புதுக் காரியம் தொடங்க நல்ல நாள் என்று காலையிலேயே உட்கார்ந்து எனக்கான பயிற்சித் தோட்டாக்களை நிரப்பினேன். தராசை பூஜைக்கு முன்பே சரிபார்த்திருந்ததால் மறுபடி பார்க்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

அந்த வாரம் பயிற்சியில் என் குண்டுகள் எல்லாம் அட்டையின் நடுப்புள்ளிக்குக் கீழேயே விழுந்தன. வேகம் அளக்கும் கருவியும் குறைவாகவே காட்டியது. கணவர் சிரித்தார். "உன் தோட்டா நடந்து போகுது" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அட்டையை எடுத்துவந்து பார்த்தபோது அவர் சிரிப்பு நின்றது. துளைகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து, ஒரு காசு வைத்தால் மறைந்துவிடும் போலிருந்தன. அப்படி ஓர் அட்டையை நாங்கள் இருவரும் அதுவரை சுட்டதே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தராசைத்தான் பிடித்தேன். தட்டின் அடியில் காய்ந்த சந்தனமும் குங்குமமும் கச்சிதமாக ஒட்டியிருந்தன. பொட்டின் எடை அளவுக்கு ஒவ்வொரு தோட்டாவிலும் மருந்து குறைந்திருந்தது.

"இது யாருங்க வெச்சது?"

"சாமி வெச்சதுன்னு வெச்சுக்க" என்றார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஒரு வருடமாக வாதாடிக் கிடைக்காத என் அளவை அவரே பொட்டு வைத்துக் கொடுத்திருக்கிறார். பொட்டைப் பத்திரமாகச் சுரண்டி எடை போட்டேன். தட்டைக் கழுவி, தராசைச் சரிசெய்து, அந்த எடையைக் கழித்து எனக்குத் தனியாகத் தோட்டா நிரப்பினேன்; குறியையும் அதற்கேற்ப உயர்த்திக்கொண்டேன். அவர் வேகத்தை விடவில்லை.

தேர்வு நாளில் காற்று அடித்தது. அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு: சுடுகிறவர் பாயில் படுத்திருக்க, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து தொலைநோக்கியில் கொடிகளைப் பார்த்துக் காற்றைச் சொல்லலாம். அவர் சுட்டபோது நான் சொன்னேன். நன்றாகவே சுட்டார். பிறகு நான் படுத்தேன், அவர் உட்கார்ந்தார்.

கடைசித் தோட்டா வரை இருவரும் ஒட்டியே வந்தோம். அதில் பத்து விழுந்தால் இடம் எனக்கு, ஒன்பது விழுந்தால் அவருக்கு. பக்கத்துக் கொடி தொங்கிக் கிடந்தது. விரலை வைத்தேன்.

"இரு. சுடாதே" என்றார்.

நேரம் முடியப்போகிறது. முடிந்துவிட்டால் இடம் அவருக்கு. ஒரு கணம், இந்த மனிதர் என்னை நேரம் கடத்தி ஏமாற்றுகிறாரோ என்று தோன்றியது. தோன்றியதற்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் தோன்றியது. விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.

"தூரத்துக் கொடி பறக்குது. இரு. இரு. இறங்குது. இப்ப சுடு."

சுட்டேன். பத்து.

முதலில் கைதட்டியவர் அவர்தான். கிளப்பில் எல்லோரும் வந்து கைகொடுத்தார்கள். கூட்டம் விலகியதும் கேட்டேன்.

"நீங்க பேசாம இருந்திருந்தா உங்களுக்குத்தானே கெடச்சிருக்கும்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அட, ஆமா. நீ படுத்திருக்கறப்ப என் ஸ்கோரே எனக்கு ஞாபகம் வரல" என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அணியில் இடம் கிடைத்ததைவிட அந்த ஒரு பேச்சு பெரிதாக இருந்தது. அதை அப்படியே காட்டிக்கொள்ள முடியுமா?

"அடுத்த வருஷம் நானும் மறந்துருவேன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க" என்றேன்.