இரண்டு கத்திரி

தொண்ணூறுகளின் கடைசி. மறுநாள் எனக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. இரண்டு டி.என்.ஏ.க்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும்போது சிலுவைபோலப் பின்னிக்கொள்ளும். வடிவத்தை வைத்தே அதை அடையாளம் கண்டு வெட்டிப் பிரிக்கும் நொதிதான் என் ஆய்வு.

பெரிய காஞ்சிபுரத்து வீட்டில், தறி நெய்யும் அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு டி.என்.ஏ.வும் இரட்டை இழை என்பதால், சிவப்பில் இரண்டு, பச்சையில் இரண்டு பட்டு இழைகள். நிறத்துக்கு ஒன்றை மற்ற ஜோடிக்குள் மாற்றிப் பின்னினேன்.

"மாறிப்போன ரெண்டையும் வெட்டுக்கா."

ஒன்றை வெட்டியதுமே அக்கா அதை முடிச்சுப் போட்டாள். பழையபடி சிக்கு.

"ஏன் முடிச்சு போட்ட?" கத்தினேன்.

"இழை அறுந்தா அப்படியேவா உடுவாங்க? சும்மா கத்திக்கினே இருக்காதடி."

மறுபடி வெட்டினாள், விரல்கள் தாமாகவே முடிச்சுப் போட்டன. இந்த நிலையில் செல் இரண்டாகப் பிரிந்தால் டி.என்.ஏ. கிழிந்துவிடும். அப்போதுதான் உறைத்தது: நொதி ஜோடியாக வந்து, எதிரெதிரே, ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெட்டும். அதைச் சொல்லவே மறந்திருந்தேன்.

இன்னொரு கத்திரி எடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு இருவரும் சேர்ந்து வெட்டினோம். சிக்கு இரண்டாகப் பிரிந்தது.

அக்கா அறுந்த முனைகளை விடவில்லை. "இப்பவாவது முடிச்சு போடலாமா?"

"போடுக்கா," என்றேன். வெட்டுப்பட்ட டி.என்.ஏ.வைச் செல்லும் இப்போதுதான் ஒட்டும்.